காட்டுக்குப் போகும் கத்திக்குத் தோய்ச்சல்தான் உயிர்

கத்தி அடிக்கக் கற்க வருகிறவர்கள் வடிவத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் எந்த எஃகு என்று கேட்பேன். முதல் கத்திக்கு 1084 எடுங்கள். சுமார் 0.84 சதவீதம் கார்பன் உள்ள எளிய எஃகு. சூட்டில் கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டையிலும் நல்ல கத்தி வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். துத்தநாகம் பூசிய இரும்பை உலைப்பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் புகை உடம்புக்கு நஞ்சு.

தடிமன் 4 மி.மீ., அலகு 12 செ.மீ. போதும். கைப்பிடிக்குள் போகும் இரும்புக் காம்பு, கைப்பிடியின் கடைசிவரை முழு அகலத்தில் ஓட வேண்டும். முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கும்போது ஒல்லிக் காம்புதான் முதலில் முறியும்.

ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள். நிறம் மங்கினால் மறுபடி உலைக்கு. பொறி பறந்தால் எஃகு கருகிவிட்டது, அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். வெட்டும் வாய்ப்பக்கத்தை அடித்து மெலிக்க மெலிக்க அலகு முதுகுப்பக்கமாக வளையும். அதனால் முன்கூட்டியே வாய்ப்பக்கம் சற்று வளைத்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். பிறகு அரத்தால் ராவி, வாயில் 1 மி.மீ. தடிமன் விடுங்கள். அதற்குமேல் மெலிந்தால் தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போது, நெளியும்.

என் முதல் கத்தி அழகாகத்தான் இருந்தது. தோய்த்த இரவு, மீதியை நாளை பார்க்கலாம் என்று மேசைமேல் வைத்தேன். காலையில் கைதவறி விழுந்து இரண்டாக உடைந்தது. உடைந்த இடம் சர்க்கரை மாதிரி சொரசொரவென்று இருந்தது. அதிகச் சூட்டில் எஃகின் உள்மணிகள் பெருத்திருந்தன. தோய்த்த அன்றே மிதமான சூட்டில் வைத்து முறியும் தன்மையைத் தணிக்கும் டெம்பரிங்கும் செய்யவில்லை. இரண்டு தவறு, ஒரே கத்தியில்.

அதனால் தோய்ச்சலுக்கு முன், காந்தம் ஒட்டாத அளவு காய்ச்சி, காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். இதை 3 முறை செய்தால் மணிகள் பொடியாகும். நான் இதை ஒருபோதும் விடுவதில்லை.

தோய்ச்சலுக்கு அறையை இருட்டாக்குங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும். 770 டிகிரி செல்சியஸில் காந்தம் விடும். அதிலிருந்து நிறம் ஒரு படி கூடட்டும், ஏறக்குறைய 815. சமையல் எண்ணெயை 55 டிகிரிக்குச் சூடாக்கி, மூடியுள்ள உயரமான இரும்புப் பாத்திரத்தில் வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் மூடினால் போதும், தண்ணீர் ஊற்றவே கூடாது. கத்தியை நெட்டுக்குத்தாக இறக்கி, வெட்டுகிற திசையில் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கோணும்.

ஆறியதும் வாயில் அரத்தை ஓட்டுங்கள். கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது. இப்போது அது கண்ணாடி மாதிரி உடையும். அன்றைக்கே அடுப்பில் 200 டிகிரியில் 2 மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு 2 மணி நேரம் டெம்பரிங் செய்யுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும். நீலம் தட்டினால் வாய் இளகிவிட்டது.

பக்கத்துக்கு 20 டிகிரி கோணம் வைத்துத் தீட்டுங்கள், அலகு சூடேறாமல் அடிக்கடி தண்ணீரில் நனைத்து. கைப்பிடி இன்னும் வேண்டாம். காம்பில் துணி சுற்றிக் காய்ந்த கட்டையைச் சீவிவிட்டு, வாயை வெளிச்சத்தில் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் அடுப்பின் சூட்டை 15 டிகிரி கூட்டி மறுபடி டெம்பரிங். மடங்கியிருந்தால் திரும்பவும் தோய்ச்சல். இரண்டும் இல்லையென்றால் காம்பின் இருபக்கமும் மரத்துண்டுகளை வைத்து எபாக்ஸிப் பசையில் ஒட்டி, ஒரு நாள் தொடாமல் வையுங்கள்.