லேப்டாப்பில் கேம் திணறுகிறதா?

புது லேப்டாப் வாங்க யோசிக்கும் முன் இதைப் பாருங்கள். பல கேமிங் லேப்டாப்களில் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் உண்டு. கேம் சில சமயம் வலுக்குறைந்த சிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், அந்த கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வைத்துவிடுங்கள். சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். பேட்டரியில் வேகம் குறையும். மெத்தைமேல் வைத்தால் காற்று போகும் வழி அடைபட்டுச் சூடேறும், சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அப்புறமும் திணறினால் கேமின் செட்டிங்ஸில் முதலில் ஷேடோவை, அதாவது நிழல்களின் தரத்தைக் குறையுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். வீடியோ மெமரி (கிராபிக்ஸ் சிப் பயன்படுத்தும் மெமரி) போதுமென்றால் டெக்ஸ்சரில், அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களில் கைவைக்க வேண்டாம், படத்தின் அழகே அதில்தான். ஆன்லைன் கேமில் பிங் (கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) எகிறுகிறதா? அது வேறு கதை. வைஃபையை விட்டு லேன் கேபிள் போட்டுப் பாருங்கள்.