பாமினியில் புதைந்த பிரசங்கங்கள்: கணினியில் தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று இந்தக் கடற்கரை நெடுக, புதிதாக ஊழியத்துக்கு வருகிற போதகர்களும் உபதேசியார்களும் மடிக்கணினியோடுதான் வருகிறார்கள். நல்லது. ஆனால் அவர்களுக்கு முன்னால் கணினியைத் தொட்டவர்கள் எங்கெங்கே விழுந்தார்களோ, சரியாக அதே இடங்களில் இவர்களும் விழுகிறார்கள். கோப்பைச் சேமிக்க மறப்பது, கடவுச்சொல்லைத் தொலைப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடலாம். பல வருட உழைப்பையே தின்றுவிடும் தவறுகளைத்தான் இங்கே பேச வேண்டும்.

பாமினியில் அடித்து வைப்பது

இன்றைக்கும் இது நடக்கிறது என்பதுதான் வேதனை. திருவிழா நோட்டீஸ் அடிக்கிற டிடிபி கடையில் பழகிய கை, பிரசங்கக் குறிப்பையும் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்துவிடுகிறது. திரையில் அழகான தமிழ் தெரிகிறது, அச்சும் நன்றாக வருகிறது. அதனால் குறை எதுவும் கண்ணில் படுவதில்லை.

உள்ளே நடப்பது வேறு. பாமினியில் ‘அன்பு’ என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது சின்ன எம், சின்ன டி, ஓர் அரைப்புள்ளி, பெரிய ஜி. அவ்வளவுதான். அந்த ஆங்கில எழுத்துகளுக்கு எழுத்துரு ஒரு தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. ஆகவே ‘அன்பு’ என்று தேடினால் ஒன்றும் வராது. கூகுள் டிரைவில் ஏற்றினாலும் வராது. செல்போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கி வைத்திருந்தாலும் கண்ணுக்குத்தான் தமிழ். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள், அதே குப்பை வந்து விழும்.

ஓர் உபதேசியாரின் பல வருட மறையுரைக் குறிப்புகள் இப்படித்தான் போயின. பழைய கணினி பழுதாகி, கோப்புகளைப் புதியதற்கு மாற்றினார்கள். புதியதில் பாமினி இல்லை. திறந்த கோப்பெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கிலம். வைரஸ் பிடித்துவிட்டது என்று நினைத்து வீட்டில் ஒருவர் மொத்தக் கோப்புறையையும் அழித்துவிட்டார். எழுத்துருவை மறுபடி நிறுவியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே பதிகிற பொதுக் குறியீட்டு முறை யூனிகோடு. அதில் தமிழ் விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே கணினியில் இருக்கிறது. தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இத்தனைக்குப் பிறகும் ‘பாமினி கைக்குப் பழகிவிட்டது’ என்று சொல்வது சாக்கு. விரல் பழக்கத்தை மாற்றவே வேண்டாம். என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகை அமைப்பே இருக்கிறது. அதே விசைகளை அதே வரிசையில் தட்டலாம். கோப்பில் பதிவாவது யூனிகோடு. இனிமேல் தொடங்குகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகை பழகினால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே பழைய எழுத்துருவில் குவித்து வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. முதலில் மொத்தக் கோப்புறையையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து, ‘மூலம் – தொடாதே’ என்று பெயரிட்டுத் தனியாக வையுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, கர்சரை எழுத்தின் மேல் வைத்து, எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் என்று பாருங்கள். ஒரே கோப்பில் தலைப்பு ஒரு எழுத்துருவிலும் உள்ளடக்கம் வேறொன்றிலும் இருப்பது சாதாரணம். ஒவ்வொன்றையும் அதற்குரிய அமைப்பில்தான் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பாக இருந்தால் அந்த மென்பொருள் உள்ள கடையிலேயே எழுத்தை மட்டும் ஏற்றுமதி செய்து வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போதும்.

மாற்றியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’, அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. நடுவில் ஆங்கில எழுத்துருவில் அடித்த சொல் இருந்தால், வெறும் எழுத்தாக ஒட்டி மாற்றும்போது அதுவும் தமிழ்க் குப்பையாகிவிடும். அதன் காற்புள்ளிகள் ‘இ’ ஆகி நிற்கும். வசன எண்கள் இருக்கும் இடங்களை மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஷ, ஹ, க்ஷ, ஸ்ரீ வருகிற சொற்களைத் தனியாகப் பாருங்கள். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் மட்டும் மாட்டாது. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றிலும் கொம்பும் காலும் இரண்டு துண்டாகப் பதிவாகியிருந்தால் சில மென்பொருள்கள் தேடும்போது கோட்டைவிடும். மாற்றிய கோப்பில் ‘கொடுத்தார்’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள், கிடைத்தால் நிம்மதி.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற உட்கார்ந்தால் சலித்து விட்டுவிடுவீர்கள். வரப்போகிற காலத்துக்கு வேண்டியதிலிருந்து தொடங்குங்கள். அச்சுத்தாள் மட்டும் மிஞ்சியிருந்தால் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தைப் படித்துத் தந்துவிடும். கையெழுத்து நோட்டுக்கு அது தேறாது. குரல் தட்டச்சை இயக்கிவிட்டு நீங்களே வாசித்துவிடுவதுதான் வேகமான வழி.

ஒரு சொல்லைத் தேடிவிட்டு ‘வேதத்தில் இல்லை’ என்று முடிவுகட்டுவது

மீனவர் ஊரில் பேசப் போகிறவர் இ-சோர்டு, மைசோர்டு போன்ற வேதாகம மென்பொருளில் ‘படகு’ என்று தேடுகிறார். புரொட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பின் சுவிசேஷங்களில் அது ‘படவு’. ‘உடனே அவர்கள் படவையும் தங்கள் தகப்பனையும் விட்டு’ என்கிறது மத்தேயு 4:22. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் தேடினால்தான் ‘படகு’ சிக்கும். ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் இரண்டு மொழிபெயர்ப்பையும் கணினியில் வைத்துக்கொண்டு இரண்டிலும் தேடுங்கள்.

தமிழில் சொல் வேற்றுமை ஏற்று உருமாறும் என்பதையும் மென்பொருள் அறியாது. ‘இரக்கம்’ என்று முழுதாகக் கொடுத்தால் ‘இரக்கத்தை’ வராது. ‘இரக்க’ என்று கொடுங்கள். பிறகு ‘இரங்’ என்று இன்னொரு தேடல். முழுச்சொல் மட்டும் தேடும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

இலவசமாக இறங்குகிற தமிழ் வேதாகமத் தொகுப்புகளில் எழுத்துப்பிழை உண்டு. மேடையில் வாசிக்கப் போகிற வசனத்தை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

கோப்புக்கு வாய்க்கு வந்த பெயர் வைப்பது

‘ஞாயிறு புதிது’, ‘கடைசி’, ‘கடைசி 2’. மூன்று வருடம் கழித்து இவற்றில் எது எது என்று யாருக்குத் தெரியும்?

வேதப் பகுதியைப் பெயரின் முன்னால் எண்ணாக வையுங்கள்: 40-05-03 என்றால் மத்தேயு 5ஆம் அதிகாரம் 3ஆம் வசனம். 66 புத்தக வரிசையில் மத்தேயு 40. கத்தோலிக்கரின் 73 புத்தக வரிசையில் 47. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாறாமல் இருங்கள். இப்படி வைத்தால் கோப்புகள் தாமாகவே வேத வரிசையில் நிற்கும். 5:3 என்று முக்காற்புள்ளி போட்டால் விண்டோஸ் ஏற்காது. சிறுகோடுதான் போட வேண்டும். ஒற்றை இலக்கத்துக்கு முன் சுழியம் போடாவிட்டால் சில மென்பொருள்களில் 10ஆம் அதிகாரம் 2க்கு முன்னால் போய் நிற்கும். சங்கீதத்துக்கு மட்டும் மூன்று இலக்கம் வேண்டும்: 19-023.

இதோடு ஒரே ஒரு எக்செல் தாள். தேதி, ஊர், வேதப் பகுதி, தலைப்பு, சந்தர்ப்பம், சொன்ன கதை என்று ஆறு பத்திகள். கடைசிப் பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்; அதுதான் ரொம்ப முக்கியம். ஒரே ஆள் தலைமைக் கோயிலிலும் கிளைக் கிராமங்களிலும் மாறி மாறிப் பேசும்போது, எந்த ஊரில் எந்தக் கதை சொன்னோம் என்பது நினைவில் நிற்காது. கேட்டவர்களுக்கு நன்றாக நிற்கும். சந்தர்ப்பப் பத்தியில் ‘அடக்கம்’, ‘திருமணம்’, ‘தடைக்காலம்’ என்று நம் ஊர்ச் சொல்லையே போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகு கரையில் நிற்கும்போது, வருமானமில்லாத வீடுகளுக்கு முன்னால் என்ன பேசினீர்கள் என்பது அடுத்த வருடமும் தேவைப்படும்.

கத்தோலிக்க ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி. 2025 நவம்பர் 30இல் தொடங்கியது முதலாம் ஆண்டு, மத்தேயு நற்செய்தி. 2026 நவம்பர் 29இல் தொடங்குவது இரண்டாம் ஆண்டு, மாற்கு. ஆண்டையும் ஞாயிற்றையும் குறித்து வைத்தால் இன்றைய உழைப்பு மூன்று வருடம் கழித்துக் கையில் வந்து நிற்கும்.

கதைகளை வேர் இல்லாமல் சேர்ப்பது

வாட்ஸப்பில் வந்ததை அப்படியே ‘உவமைகள்’ கோப்புறையில் போட்டுவிடுகிறார்கள். எங்கே, எப்போது, யார் சொன்னது என்று இரண்டு வரி சேர்ப்பதில்லை. வெளிநாட்டுப் பனிமலைக் கதை என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. தனுஷ்கோடி புயலைச் சொல்லும்போது, அது 1964 டிசம்பர் 22 இரவு என்பதுகூடப் பிசகினால், அந்தப் புயலில் உறவைப் பறிகொடுத்த குடும்பம் முன்வரிசையில் இருக்கும். ஓரியூரில் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. புனிதர் பட்டம் 1947இல். இதையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக் குறித்து வைத்தால் ஆயுசுக்கும் உதவும்.

வேதக் கதைகளிலும் இதே குளறுபடி. லூக்கா 5ஐயும் யோவான் 21ஐயும் ஒரே கோப்பில் ‘மீன்பிடி’ என்று போட்டு வைத்தவர் மேடையில் இரண்டையும் கலந்துவிடுவார். ‘ஆழத்திலே தள்ளிக்கொண்டுபோய்’ என்பது லூக்கா. அங்கே வலை கிழியும் நிலை, இரண்டு படவும் அமிழும் நிலை. வலதுபுறமாகப் போடச் சொல்வது யோவான். அங்கே 153 மீன், வலை கிழியவில்லை. கரைவலை இழுத்துக் காய்த்த கைகள் உள்ளவர்களிடம் வலை கிழிந்ததா இல்லையா என்பதில் தவறக் கூடாது.

ஏஐ தந்த வசனத்தை நம்புவது

ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, சொல்லும் வசனம் எந்த மொழிபெயர்ப்பிலும் இல்லாத வசனமாக இருக்கலாம், எண்ணும் பிசகலாம். தலைப்பு யோசிக்க, சுருக்கித் தர மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வசனத்துக்குப் புத்தகம்.

பென் டிரைவ் ஒன்றையே நம்புவது

உப்புக்காற்று பித்தளையையே அரிக்கிற ஊர் இது. மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. டிஸ்க்கைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை திறந்து, கோப்புகள் உண்மையில் படிக்க வருகின்றனவா என்று பாருங்கள்.

மேடைக்குச் செல்போனோடு போவது

திறந்தவெளித் திருவிழா மேடையில் அழைப்பு வரும், திரை அணையும், விளக்கு வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. 16 புள்ளி அளவில் அச்செடுத்த தாள், அட்டை, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கிளிப். ஒற்றைக் கிளிப் போட்டால் சோழகக் காற்றில் தாளின் அடிப்பாகம் மடங்கி முகத்தில் அடிக்கும்.