பார்க்கின்சன் நோயின் போக்கை மூளைப் படத்தில் அளக்கும்போது நேரும் தவறுகள்

நடுக்கமும் இயக்கத் தளர்ச்சியும் ஆண்டுக்காண்டு கூடுகிறதா என்பதை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஒப்பிடத் தொடங்கும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

எளிதில் தவிர்க்கக்கூடிய தவறு, வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்பதால் நோய் வளரவில்லை என்று ஆறுதல் கொள்வது. பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோரின் வழக்கமான எம்.ஆர்.ஐ. பல ஆண்டுகளுக்குப் பிறகும் வயதுக்கேற்ற இயல்போடுதான் தோன்றும். பக்கவாதம், கட்டி, மூளைக்குள் நீர்த்தேக்கம் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யவே பெரும்பாலும் அது எடுக்கப்படுகிறது.

டாட் ஸ்கேன் என்று சொல்லப்படும் ஸ்பெக்ட் படத்தின் நிலை வேறு. உடல் இயக்கத்துக்கு வேண்டிய மூளை வேதிப்பொருளான டோபமினை நரம்பணுவுக்குள் மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதம், மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்பதை, குறைந்த அளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி அது காட்டுகிறது. அது எண்ணுவது நரம்பணுக்களை அல்ல, அவற்றின் முனைகளில் உள்ள ஒரு புரதத்தை. இந்த வேறுபாட்டை மறப்பதையே நான் முதன்மையான தவறாகக் கருதுகிறேன். 2004இல் முடிவுகள் வெளியான எல்டோபா ஆய்வு இதற்குத் தக்க சான்று. தொடக்கநிலை நோயாளிகள் 361 பேரில் சிலருக்கு, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மருந்தும் சிலருக்கு வெற்று மாத்திரையும் 40 வாரங்கள் தரப்பட்டன. பிறகு 2 வாரங்கள் மருந்தை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தபோதும் லெவோடோபா எடுத்தவர்களின் உடல் இயக்கமே மேலாக இருந்தது. ஒரு பகுதியினருக்கு எடுக்கப்பட்ட ஸ்பெக்ட் படங்களோ, லெவோடோபா எடுத்தவர்களிடம்தான் கடத்திப் புரதம் கூடுதலாகக் குறைந்திருப்பதாகக் காட்டின. படத்தை மட்டும் நம்பியிருந்தால் மருந்து மூளையைக் கெடுக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். மருந்தே அந்தப் புரதத்தின் அளவை மாற்றியிருக்கலாம் என்ற விளக்கமும் அதே அளவுக்குப் பொருந்துகிறது. மருந்து மூளையைக் கெடுக்குமானால் அதை முன்பே தொடங்கியவர்கள் மோசமாகியிருக்க வேண்டும். ஆனால் 2019இல் வெளியான லீப் ஆய்வில், லெவோடோபாவை முன்பே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் தாமதித்துத் தொடங்கியவர்களுக்கும் இடையே 80ஆவது வாரத்தில் நோயின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அதே எல்டோபா ஆய்வில், படமெடுக்கப்பட்ட 142 பேரில் 21 பேருக்கு முதல் ஸ்கேனே இயல்பாக இருந்தது. இத்தகையவர்களில் பலருக்குப் பார்க்கின்சன் நோயே இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே நோய் எது என்று உறுதியாகாத நிலையில் அதன் வேகத்தை அளக்கப் புறப்படுவதும் தவறுதான். மறுபுறம், ஸ்கேனில் குறைபாடு தெரிவது மட்டுமே பார்க்கின்சன் நோய்க்கான முத்திரை ஆகாது. எம்.எஸ்.ஏ. (multiple system atrophy), பி.எஸ்.பி. (progressive supranuclear palsy) போன்ற, பார்க்கின்சனை ஒத்த வேறு நரம்புச் சிதைவு நோய்களிலும் அதே குறைபாடு தெரியும்.

வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு ஸ்கேன்களின் எண்களுக்கு இடையிலான வேறுபாட்டை அப்படியே நோயின் வளர்ச்சி என்று வாசிப்பது அடுத்த தவறு. தொடக்க ஆண்டுகளில் இந்தப் புரதம் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஒருவரையே குறுகிய இடைவெளியில் இரண்டு முறை படமெடுத்தால்கூட ஏறத்தாழ அந்த அளவு ஏற்ற இறக்கம் இருக்கலாம். நூற்றுக்கணக்கானோரின் சராசரியைப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு இந்த அளவீடு பயன்படும். ஒரு தனி மனிதரின் ஓராண்டு மாற்றத்தைச் சொல்ல அது போதாது. கருவி மாறினாலோ, படமெடுக்கும்போது தலை சாய்ந்திருந்தாலோ, கணக்கிடும் மென்பொருள் வேறானாலோ ஒப்பீடே பொருளற்றதாகிவிடும். வயது ஏறுவதால் ஏற்படும் இயல்பான குறைவையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

நோய் முற்றிய நிலையிலும் இதே முறையைத் தொடர்வது வீண். இறந்தவர்களின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தபோது, நோய் கண்டறியப்பட்டு 4 ஆண்டுகளுக்குள்ளாகவே ஸ்ட்ரையாட்டத்தின் ஒரு பகுதியான புட்டமெனின் மேற்பகுதியில் டோபமின் நரம்பிழைகள் பெரும்பாலும் அழிந்துவிட்டிருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு குறைவதற்கே அதிகம் மிச்சமில்லை. நடையோ நினைவோ மோசமாகிக்கொண்டே போனாலும் படம் அசையாமல் நிற்கும். அந்த அசையாமையை நோய் நின்றுவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

மருந்துகளைப் பற்றிய குழப்பமும் உண்டு. மெதில்பெனிடேட், ஆம்பெட்டமின், புப்ரோப்பியன் போன்றவை கடத்திப் புரதத்தோடு தாமே பிணைவதால் படத்தைத் திரிக்கக்கூடும். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆனால் லெவோடோபாவை இந்த ஸ்கேனுக்காகப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. தாமாகவே நிறுத்தினால் உடல் விறைத்து ஆபத்தான நிலையும் ஏற்படலாம்.

2011இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் டாட் ஸ்கேனுக்கு அனுமதி அளித்தபோது அதன் நோக்கம், பார்க்கின்சன் வகை நோய்களைச் எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் நடுக்கநோயிலிருந்து பிரித்தறிய உதவுவது. வளர்ச்சியை அளப்பது அல்ல. டோபமின் நரம்பணுக்கள் உள்ள கருந்திட்டுப் பகுதியில் (substantia nigra) திசுவுக்குள் கட்டுப்படாமல் அசையும் நீரின் அளவு கூடுவதையும் நியூரோமெலனின் நிறமி மங்குவதையும் காட்டும் புதிய எம்.ஆர்.ஐ. முறைகள் நம்பிக்கை தந்தாலும், அவை இன்னும் ஆய்வுக்கூடத்துக்கு அருகில்தான் நிற்கின்றன. அவை வழக்கமான பயன்பாட்டுக்கு வரும்வரை நோயாளி நடக்கும் விதம், மருந்தின் பலன் நீடிக்கும் நேரம், தூக்கம், நினைவு ஆகியவற்றை முறையாகக் குறித்து வைத்து, அந்தக் குறிப்புகளோடு நரம்பியல் மருத்துவரைச் சந்திப்பது ஆண்டுதோறும் எடுக்கும் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.