சீதனப் பத்திரத்தில் உடையைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

கிரீஸின் ஏஜியன் கடல் தீவுகளில் அந்தக் காலத்தில் கல்யாணம் பேசி முடித்ததும் இரு வீட்டாரும் நோட்டரி முன் உட்கார்ந்து ஒரு பத்திரம் எழுதிக்கொள்வார்கள். அதற்கு பிரிகோசிம்ஃபோனோ என்று பெயர், அதாவது சீதன ஒப்பந்தம். கடவுள் பெயரில் தொடங்கும். பெற்றோரின் ஆசி, வீடு, வயல், திராட்சைத் தோட்டம் என்று நகர்ந்து, கடைசியில் செப்புப் பாத்திரம், படுக்கை விரிப்பு, அங்கி, தலைத்துணி வரை வரும். மைக்கோனோஸ் தீவில் 1663 முதல் 1779 வரை எழுதிய நோட்டரிப் பத்திரங்கள் அச்சிலேயே வந்திருக்கின்றன. கிரேக்கச் சட்டம் சீதனத்தை ஒழித்தது 1983-இல்தான். ஆகவே அந்தக் காலப் பெண்களின் உடையை அறியப் படிக்கக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. படிக்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பத்திரம் எழுதிய நோட்டரிக்கு உடையைப் பற்றி அக்கறை கிடையாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால், பெண் விதவையாகித் தாய்வீடு திரும்பினால், எதை எண்ணிக் காட்ட வேண்டுமோ அதை எழுதினார். இதை மறந்துவிட்டு, பட்டியலில் இருப்பதே அந்தப் பெண்ணின் மொத்த உடை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. வயலுக்குப் போட்டுப்போன பழந்துணி பெரும்பாலும் பத்திரம் ஏறாது. மாப்பிள்ளை என்ன உடுத்தினார் என்பதற்கு இதில் விடை தேடவே கூடாது. ‘பட்டு நூல் வேலை செய்த அங்கி நான்கு’ என்று கண்டால், அந்தக் குடும்பம் பெருமையாக நினைத்தது எது என்று தெரிகிறது; செவ்வாய்க்கிழமை காலையில் கிணற்றடிக்கு அவள் எதை உடுத்திப் போனாள் என்று தெரியாது. பட்டியலில் செருப்பு இல்லை என்பதால் தீவுப் பெண்கள் வெறுங்காலுடன் நடந்தார்கள் என்று முடிவுகட்டுவதும் இதே வகைதான்.

அடுத்தது சொற்கள். என் கணிப்பில் பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. ‘ரூஹோ’ என்றால் இன்றைய கிரேக்கத்தில் உடுப்பு. 17, 18-ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களில் அது பெரும்பாலும் கம்பளித் துணியைக் குறிக்கும். ‘ஃபுஸ்தானி’ இன்று கவுன். ஆனால் அந்தச் சொல்லே இத்தாலிய ‘ஃபுஸ்தாஞோ’ என்ற பருத்தித் துணியின் பெயரிலிருந்து வந்தது. துணியின் பெயர் உடைக்குத் தாவுவது எங்கும் நடப்பதுதான். புடவை என்ற சொல்லும் ஒரு காலத்தில் பொதுவாகத் துணியைத்தான் குறித்தது. ‘புகாமிசோ’வை அகராதியில் பார்த்தால் சட்டை என்றிருக்கும், பெண்ணின் பட்டியலில் அது உடலோடு ஒட்டி அணியும் நீளமான உள்ளங்கி. ‘மாவி’ இன்றைய கிரேக்கருக்கு ஊதா. துருக்கியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் நீலம். இன்றைய அகராதியை வைத்துக்கொண்டு படித்தால் நீல உடை உடுத்தியவளுக்கு ஊதா உடை மாட்டிவிடுவோம்!

ஒரு தீவில் ஒரு பொருள் என்றால் பக்கத்துத் தீவிலும் அதுவே என்று நம்புவதும் ஆபத்து. நாக்சோஸ் தீவு 1566-இல் துருக்கிய உஸ்மானியர் கைக்குப் போனது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் தீனோஸ் 1715 வரை இத்தாலிய நகர அரசான வெனிஸிடம் இருந்தது. கோர்ஃபூவில் வெனிஸ் ஆட்சி 1797 வரை நீடித்தது. எனவே ஒரு தீவின் பட்டியலில் இத்தாலியச் சொல் மிகுந்திருக்கும், இன்னொன்றில் துருக்கிச் சொல். ‘கிரேக்கத் தீவு உடை’ என்று ஒருமையில் ஒன்று கிடையவே கிடையாது. வேறு இடங்களின் சொல்லை வைத்து ஓர் உடையின் வடிவத்தை ஊகிப்பதைவிட, அதே தீவில், அதே முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் எழுதிய பத்திரங்களில் அந்தச் சொல்லோடு எந்தத் துணி, எந்த நிறம், எத்தனை முழம் சேர்ந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது.

எழுத்துப்பிழையை வைத்துப் புது உடையைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. கிரேக்கத்தில் ‘இ’ ஒலியை ஐந்து விதமாகவாவது எழுதலாம், நோட்டரிகளோ காதில் விழுந்தபடி எழுதினார்கள். வேறுவேறாக எழுதியிருந்தால் உரக்கப் படித்துப் பாருங்கள். ஒரே சொல்லாக இருக்கும். எண்களைக் குறிக்கவும் கிரேக்க எழுத்துகளே. எப்சிலோன் என்றால் 5, யோட்டா என்றால் 10. கியோஸ் தீவுக் கத்தோலிக்கர்கள் கிரேக்கத்தை லத்தீன் எழுத்தில் எழுதிய வழக்கமும் இருந்தது. அளவிலும் கவனம் வேண்டும்: வெனிஸ் கணக்கில் கம்பளிக்கு ஒரு முழம் ஏறக்குறைய 68 செ.மீ., பட்டுக்கு ஏறக்குறைய 64.

சரி, தேதி. வெனிஸ் முறையில் ஆண்டு மார்ச் 1-இல் பிறக்கும். அந்தக் கணக்கில் ‘1690 ஜனவரி’ என்று எழுதியிருந்தால் நமக்கு அது 1691. ஆனால் உடை ஆராய்ச்சிக்கு ஓராண்டு முன்பின்னாவது பெரிய விஷயமே அல்ல. பத்திரத்தின் தேதியையே உடையின் தேதியாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. பாட்டியின் வெல்வெட் மேலங்கி அம்மாவிடம் வந்து, மகளின் சீதனத்திலும் ஏறும். 1720-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஓர் உடை இருந்தால், அது அப்போது பெட்டியில் மடித்து வைக்கும் அளவுக்கு மதிப்புள்ளதாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம். பக்கத்தில் ‘புதியது’, ‘பழையது’ என்ற குறிப்பு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், ஒப்பந்தம் என்பது வாக்குறுதி. பொருள் கைமாறியதா என்பதற்குத் தனிப் பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் தேட வேண்டும்.

பட்டியலில் உள்ள பொருள்களின் எண்ணிக்கையை வைத்துச் செல்வத்தை அளப்பவர்கள் மணப்பெண் எத்தனையாவது மகள் என்று முதலில் கேட்க வேண்டும். கார்பதோஸ் தீவில் தாயின் சொத்து மூத்த மகளுக்குப் போகும் வழக்கம் இருந்தது. அவளைக் கனகாரா என்பார்கள். அக்காள் பட்டியலையும் தங்கை பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு குடும்பங்கள் போலத் தோன்றும். விலையை நூற்றாண்டு தாண்டி ஒப்பிடவே வேண்டாம். உஸ்மானிய வெள்ளி நாணயமான குரூஷின் மதிப்பு 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சரிந்துகொண்டே போனது.

படங்களை முன்னால் வைத்துக்கொண்டு பத்திரத்தைப் படிப்பது இன்னொரு பொறி. இன்று விழாக்களில் காணும் ‘பாரம்பரிய உடை’ பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் நிலைத்த வடிவம். அரசி அமாலியா 1837-இல் கிரீஸ் வந்த பிறகு அவர் பெயரிலேயே ஒரு உடை நகரங்களில் பரவியது. அந்தக் கண்ணாடியோடு 1680-ஆம் ஆண்டுப் பட்டியலைப் படித்தால் நாம் எதிர்பார்த்ததே கண்ணில் படும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்னஃபோர் 1700-இல் மைக்கோனோஸ் வந்து பெண்களின் உடையை விவரித்திருக்கிறார், அது பெரிய உதவி. ஆனால் அவர் வெளியூர்க்காரர். பார்த்ததைத் தன் மொழியில் எழுதினார். பின்னால் வந்த பயண நூல்களின் ஓவியங்களோ ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்தவையாக இருக்கலாம். ஐந்து படங்கள் ஒத்துப்போனால் ஐந்து சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது.

அருங்காட்சியகப் பூவேலைத் துணிகளைப் பட்டியலோடு பொருத்தும்போதும் ஒரு சிக்கல் உண்டு. ரோட்ஸ், கோஸ் போன்ற தீவுகளில் வசதியானவர்கள் கட்டிலைச் சுற்றித் தொங்கவிடும் கூடாரத் திரை ‘ஸ்பெர்வேரி’. சீதனத்தில் அது ஒரே உருப்படி. பழம்பொருள் வணிகத்தில் இத்தகைய துணிகள் வெட்டப்பட்டுத் துண்டு துண்டாக விலைபோயின. கண்ணாடிப் பெட்டிக்குள் நீளமான பூவேலைப் பட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு, இது எந்த உடையின் கரை என்று பட்டியலில் தேடுகிறோம். அது யார் உடலிலும் ஏறியதே இல்லை.