முழுதாக எழுதாமலே ஒரு மாபெரும் பகா எண்ணை ஆராய்வது எப்படி?

2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் பகா எண் மெர்சென் வகையைச் சேர்ந்தது. அதாவது, இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைப்பது. ஆகவே, அந்த எண்ணை விரித்து எழுதாமல், 13,62,79,841 என்ற அடுக்கை மட்டும் கொண்டே அதன் பண்புகள் பலவற்றைச் சாதாரணக் கணிப்பானில் கண்டறிந்துவிடலாம்.

முதலில் இலக்கங்களின் எண்ணிக்கை. அடுக்கை 2-இன் பத்தடிமான மடக்கையால் பெருக்கி, தசமப் பகுதியை நீக்கிவிட்டு, 1-ஐக் கூட்ட வேண்டும். பள்ளியில் பழகிய 0.30103 இங்கே போதாது. அதைக் கொண்டு கணக்கிட்டால் 4,10,24,321 என ஓர் இலக்கம் கூடுதலாக வந்துவிடும். 0.30102999566 என எடுத்துக்கொண்டால் பெருக்கற்பலன் 4,10,24,319.94 ஆகும், எனவே சரியான விடை 4,10,24,320.

கடைசி இலக்கம் இதைவிட எளிது. இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற வரிசையில் மாறி மாறி முடிகின்றன. நம் அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 2¹³⁶²⁷⁹⁸⁴¹ 2-இல் முடியும்; அதிலிருந்து 1 போக, நம் எண் 1-இல் முடிகிறது.

பகா எண்தானா என்று சோதிப்பதே கடினமான பகுதி. அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இரு காரணிகளையும் 22-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதைக் கவனியுங்கள். அடுக்கு p ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், காரணிகள் எல்லாம் 2kp + 1 (k ஒரு முழு எண்) என்ற வடிவில்தான் அமையும். 2³¹ − 1 = 2147483647 பகா எண் என்று 1772-இல் கணிதவியலாளர் ஆய்லர் நிறுவியதும் இத்தகைய வடிவங்களைக் கொண்டு, வகுத்துப் பார்க்க வேண்டிய எண்களை வெகுவாகக் குறைத்துத்தான்.

அடுக்கு பெரிதானால் அதுவும் பயன்படாது. லூகா–லேமர் சோதனையே வழி. 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். p − 2 படிகளின் முடிவில் மீதி 0 ஆனால் அது பகா எண். இல்லையேல் பகு எண்.

2⁷ − 1 = 127-ஐ எடுத்துக்கொள்வோம். 4-இலிருந்து 14, அதிலிருந்து 194. இங்கே 127-ஆல் வகுக்கவே தேவையில்லை என்பதுதான் இம்முறையின் பேரழகு: 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 194-ஐ 1 × 128 + 66 எனப் பிரித்து, 1-ஐயும் 66-ஐயும் கூட்டினால் மீதி 67 கிடைத்துவிடும். 67-இன் வர்க்கத்திலிருந்து 2 போக 4487; இது 35 × 128 + 7, ஆகவே 42. அடுத்து 1762, அதாவது 13 × 128 + 98, ஆகவே 111. ஐந்தாவது படியில் 12319, அதாவது 96 × 128 + 31. கூட்டினால் சரியாக 127, மீதி 0.

கணினியில் 128-ஆல் பிரிப்பது இரும இலக்கங்களை ஓரிடத்தில் வெட்டுவதே என்பதால், வகுத்தலுக்கான செலவு ஏறத்தாழ இல்லாமற்போகிறது. 13,62,79,839 படிகள் தேவைப்படும் நம் மாபெரும் எண்ணுக்கும் இதே சோதனைதான் நடந்தது. அங்கே நேரத்தை விழுங்குவது வர்க்கப்படுத்துதல் ஒன்றே.