பின்னங்கால் நொண்டல்: மூட்டு எதுவென்று தெரிந்த பிறகே மருந்து

பின்னங்கால் நொண்டும் குதிரைக்கு எடுத்த எடுப்பில் வலி மருந்து கொடுக்காதீர்கள். வலி அடங்கினால் எந்த மூட்டு என்ற தடயமும் மறைந்துவிடும்.

மூட்டருகே காயம் இருந்தால் மட்டும் மற்ற சோதனைகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ஆணி குத்திய அளவு துளையானாலும் அன்றே மருத்துவர் மூட்டுநீரை எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல நீர் இளமஞ்சளாகத் தெளிந்திருக்கும், விரலிடையே நூலாக நீளும். அது கலங்கித் தண்ணீராக ஓடி, வெள்ளணுக்களும் மைக்ரோலிட்டருக்கு 30,000-ஐத் தாண்டினால் கிருமித்தொற்று என்றே கொண்டு உடனே மூட்டைக் கழுவ வேண்டும். தாமதமானால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிடும். அது திரும்ப வளராது.

காயமில்லையா? முதலில் குளம்பைப் பாருங்கள். திடீரென்று காலே ஊன்றாத குதிரைக்குப் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ்தான் இருக்கும். அதுவும் இல்லையென்றால் கெட்டித் தரையில் நேர்கோட்டில் ஓடவிட்டுப் பின்னாலிருந்து இடுப்பெலும்பைக் கவனியுங்கள். நொண்டும் பக்கத்து முனைதான் அதிகம் ஏறி இறங்கும். கடுமையான வலியில் தலையும் ஆடுவதால் அதே பக்க முன்னங்கால் என்று ஏமாந்துபோவது சகஜம்.

அடுத்தது மடக்குச் சோதனை: காலை 60 முதல் 90 விநாடி மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவிடுவது. ஹாக் (பின்னங்காலின் கணுக்கால் மூட்டு) மடங்கினால் அதற்கு மேலுள்ள ஸ்டைஃபிளும் (முழங்கால் மூட்டு) கூடவே மடங்கும். குதிரையின் காலமைப்பு அப்படி. ஆகவே இதை மட்டும் நம்பி ஹாக்கில் ஊசி போடுவது தவறு. உறுதி செய்ய மரப்பு ஊசிதான் வழி: காலைக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியாக மரக்கச் செய்து, எப்போது நொண்டல் குறைகிறதென்று மருத்துவர் பார்ப்பார். ஹாக்கின் கடைசிச் சிறு மூட்டுக்கு 3 முதல் 5 மில்லி போதும். எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தால் மடக்கவும் கூடாது, மரக்கச் செய்யவும் கூடாது. விரிசல் முழு முறிவாகிவிடும்.

பிறகு எக்ஸ்ரே. ஸ்டைஃபிளின் சவ்வும் தசைநார்களும் அதில் தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

புதிய வீக்கத்துக்கு 20 நிமிடக் குளிர் ஒத்தடம், கொட்டிலில் ஓய்வு. வலியும் வீக்கமும் குறைக்கும் ஃபினைல்பியூட்டசோன் மருந்தை முதல் நாள் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் இருவேளை, பிறகு 2.2 எனக் குறைப்பது வழக்கம். அளவையும் நாட்களையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், மிஞ்சினால் இரைப்பையும் சிறுநீரகமும் புண்படும். தேய்மான மூட்டுக்கு ஸ்டீராய்டு ஊசி நன்கு உதவும், தொற்றுள்ள மூட்டில் போட்டால் மூட்டே போய்விடும்.

வீக்கம் வற்றியதும் கையில் பிடித்து 10 நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். நொண்டல் திரும்பினால் முந்தைய அளவுக்கே இறங்குங்கள்.