பாடம் தெரிந்தவரைப் பாட ஆசிரியராக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா நடவு முடிந்து வயல்கள் பச்சை கட்டத் தொடங்கியிருந்த ஓர் அக்டோபர் மாதத்தில், மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற பயிற்சி ஆசிரியை ஒருவர் ஒன்பதாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தினார். அவருக்கு வழிகாட்டி ஆசிரியர் என்ற முறையில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதினார், பச்சையத்தின் வேலையை விளக்கினார், இலையின் படத்தை அழகாக வரைந்தார். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "டீச்சர், செடி தானே சாப்பாடு செஞ்சுக்குதுன்னா அப்புறம் எதுக்கு யூரியா போடுறோம்? போடலன்னா பயிரு மஞ்சளாப் போயிடுதே."

"அது உரம், இது உணவு, ரெண்டும் வேற" என்று சொல்லி அவனை உட்காரவைத்துவிட்டார். அடுத்த வாரத் தேர்வில் அந்த மாணவன் ஒளிச்சேர்க்கைக்கு வரையறையைச் சரியாக எழுதினான். நெற்பயிரின் எடை எங்கிருந்து வருகிறது என்று நான் சேர்த்திருந்த கேள்விக்கு, "மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும்" என்று எழுதினான். அவன் மட்டுமல்ல, வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

இதில் அந்த ஆசிரியைக்குப் பாடம் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒளிச்சேர்க்கையில் சர்க்கரை உருவாகும் வேதிப்படிகளான கால்வின் சுழற்சியை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். அவருக்குக் கிடைக்காமல் போனது வேறொன்று: இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், ஏன் விழுவார்கள், எந்த எடுத்துக்காட்டைச் சொன்னால் எழுந்து நடப்பார்கள் என்ற அறிவு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ஆம் ஆண்டிலேயே இதைப் பாட அறிவிலிருந்தும் பொதுவான கற்பித்தல் முறைகளிலிருந்தும் பிரித்து, ஆசிரியருக்கே உரிய தனி அறிவாக எடுத்துக்காட்டினார். ஆயினும் நம் பயிற்சிக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இன்றுவரை நடக்கும் முதல் தவறு, கையில் பட்டம் இருப்பதால் பாடம் தெரியும் என்றும், பாடம் தெரிவதால் நடத்தவும் தெரியும் என்றும் எடுத்துக்கொள்வதுதான்.

அந்த மாணவனின் கேள்விக்கு விடை அவன் வீட்டு வயலிலேயே இருந்தது. மறுநாள் நானும் அந்த ஆசிரியையும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஓர் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா போடுவதாக வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 45 கிலோ வீதம் 90 கிலோ. அதில் நைட்ரஜன் 46 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 41 கிலோ. அதே ஏக்கரில் 2 டன் நெல்லும், கிட்டத்தட்ட அதே அளவு வைக்கோலும் கிடைக்கின்றன. 90 கிலோ உரம் எப்படி 4 டன் பயிராக முடியும்? இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நின்றால் போதும், பிள்ளைகளே யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அடுத்த விடை "தண்ணி" என்று வரும். அந்த விடையைத் தவறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் ஐந்தாண்டுகள் வளர்த்து, மரம் சுமார் 74 கிலோ கூடியபோது மண்ணில் குறைந்தது 57 கிராம் அளவுதான் என்று கண்டார். அவரும் எடை முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்றுதான் முடிவுகட்டினார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் மரமாக மாறும் என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. பெரிய அறிஞர் நின்ற இடத்திலேயே தானும் நிற்பதை அறியும் மாணவனுக்கு, தவறு வெட்கப்பட வேண்டிய பொருளாக இருப்பதில்லை.

அதற்குப் பிறகு யூரியாவை அதன் இடத்தில் வைக்கலாம். நைட்ரஜன் இல்லாமல் புரதமும் பச்சையமும் உருவாவதில்லை, பச்சையம் குறைந்தால் இலை மஞ்சளாகிறது, மஞ்சளான இலை குறைவாகவே உணவு தயாரிக்கிறது. உலர்ந்த பயிரின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடாக இருக்கும் கார்பன், காற்றிலிருந்து வந்தது. அந்த ஆசிரியை இரண்டாம் முறை இப்படி நடத்தியபோது அதே மாணவன், "காத்துக்கா டீச்சர் இவ்வளவு கனம்?" என்று கேட்டான். அவன் நம்பவில்லை. ஆனால் இப்போது அவன் நம்ப மறுத்தது, நம்ப மறுக்கத் தகுந்த சரியான இடத்தில். காற்றுக்கு எடை உண்டா என்ற அடுத்த பாடம் அங்கிருந்தே தொடங்கியது.

இரண்டாவது தவறு பாடக்குறிப்பேட்டில் இருக்கிறது. நோக்கங்கள், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று கட்டம் போட்டுப் பல வண்ண மையில் எழுதப்படும் அந்தக் குறிப்பேடுகளில் பெரும்பாலானவை முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதப்பட்டவை. மாணவர் செயல் என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் "மாணவர்கள் கவனிக்கின்றனர்", "மாணவர்கள் விடையளிக்கின்றனர்" என்றே இருக்கும். எந்த மாணவர், என்ன விடை, அது தவறாக வந்தால் ஆசிரியர் என்ன செய்வார் என்ற ஒரு வரிகூட இருக்காது. பாடக்குறிப்பு எழுதுவதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி, இந்தப் பாடத்தில் வரக்கூடிய தவறான விடைகள் மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் எதிராக ஆசிரியர் கேட்கப்போகும் கேள்வியையும் எழுதச் சொன்னால், பார்த்து எழுதும் பழக்கம் தானாகவே நின்றுவிடும். ஏனெனில் அந்தத் தவறுகளைத் தெரிந்துகொள்ளப் பயிற்சி ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

கணிதத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. a கூட்டல் b, அதன் வர்க்கம் என்ன என்று கேட்டால் a வர்க்கமும் b வர்க்கமும் என்று எழுதி, இடையில் வர வேண்டிய 2ab-யை விட்டு நிறுத்திவிடுவது எல்லா ஊரிலும் காணப்படும் தவறு. சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் சொல்வது வழக்கமான மருந்து. ஆனால் காவிரிப் பாசனப் பகுதியில் நமக்கு இதைவிட நல்ல கருவி ஒன்று வாய்த்திருக்கிறது. இங்கே நிலத்தை இன்னும் குழி, மா, வேலி என்றுதான் பெரியவர்கள் பேசுகிறார்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு குழியின் பரப்பு 144 சதுர அடி என்பது தாத்தாவைக் கேட்டால் தெரியும். 12 என்பதைப் பத்தும் இரண்டும் என்று பிரித்து, மாணவன் தன் முறையிலேயே வர்க்கப்படுத்தட்டும்: 100-உம் 4-உம் சேர்ந்து 104. மீதி 40 சதுர அடி எங்கே போயிற்று? ஒரு சதுரம் வரைந்து பத்து அடியில் கோடு கிழித்தால், பத்துக்கு இரண்டு அளவில் இரண்டு பட்டைகள் ஓரங்களில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு குழிக்கு 40 என்றால் ஒரு மாவுக்கு 4,000 சதுர அடி கைவிட்டுப் போகிறது என்று சொன்ன பிறகு எந்த விவசாயி வீட்டுப் பிள்ளையும் 2ab-யை எளிதில் மறப்பதில்லை. மூன்று மா ஓர் ஏக்கர் என்று ஊரில் சொல்வது எவ்வளவு சரி என்பதையும் அதே வகுப்பில் பார்த்துவிடலாம்: மூன்று மா 43,200 சதுர அடி, ஓர் ஏக்கர் 43,560.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பாடத்தை ஊரோடு இணைக்க வேண்டும் என்று சொன்னவுடன் பல பயிற்சி ஆசிரியர்கள் ஆப்பிளை எடுத்துவிட்டு நெல்மூட்டையை வைக்கிறார்கள், கணக்கு அப்படியே இருக்கிறது. அதனால் பயன் எதுவும் இல்லை. ஊர்ப்பொருள் பாடத்தின் முடிச்சை அவிழ்க்க உதவ வேண்டும். குழி அந்த வேலையைச் செய்கிறது. நெல்மூட்டை அங்கே ஆப்பிளின் வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாவதாக, நுண்ணிலைக் கற்பித்தல் பயிற்சி. 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறை, ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து, பத்து நிமிடம் நடத்தி, கருத்துக் கேட்டு, மீண்டும் நடத்துவதாகும். முறையில் குறையில்லை. நாம் நடத்தும் விதத்தில்தான் குறை. எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் சக பயிற்சி ஆசிரியர்கள், அவர்கள் எந்தக் கேள்விக்கும் சரியான விடையையே சொல்கிறார்கள். அதனால் வினாக் கேட்கும் திறனைப் பயிற்சி செய்தவர், தவறான விடையைக் கேட்டுப் பழகாமலேயே பள்ளிக்குள் நுழைகிறார். எதிரே உட்காருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தவறான கருத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அதை விட்டுக்கொடுக்காமல் வாதாடச் சொல்வது, செலவே இல்லாத திருத்தம்.

ஆய்வகத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் உடம்புக்கே ஆபத்து உண்டு. இலையில் ஸ்டார்ச் இருப்பதை அயோடின் கொண்டு காட்டும் சோதனை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பச்சையத்தை நீக்க இலையை ஆல்கஹாலில் வேகவைக்கும்போது, ஆல்கஹால் உள்ள சோதனைக்குழாயைச் சுடுநீர் பீக்கருக்குள் நிறுத்த வேண்டும், நேரடியாகச் சுடரில் காட்டக் கூடாது. ஒரு முறை ஒரு பயிற்சி ஆசிரியர் குழாயை நேராக ஸ்பிரிட் விளக்கின் மேல் கொண்டுபோனதைக் கண்டு நான் எழுந்து ஓடிச்சென்று தடுத்தேன். பட்டப்படிப்பு முழுவதும் அந்தச் சோதனையைத் தம் கையால் அவர் செய்ததே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பள்ளிப் பாடநூலில் உள்ள ஒவ்வொரு சோதனையையும் வகுப்பில் செய்வதற்கு முன்பு ஒரு முறையாவது செய்துபார்க்க வைப்பது கல்லூரியின் கடமை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும்போது, செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்துப் பிறகு வெயிலில் காட்டும் சோதனை கைகொடுக்காது. நவம்பரில் அதைத் திட்டமிடுபவர் மழையைப் பற்றி யோசிக்கவில்லை என்றே பொருள்.

மொழியும் அப்படியே. ஆங்கில வழியில் அறிவியல் பட்டம் பெற்றவர் தமிழ்வழி வகுப்பில் நிற்கும்போது, நிறை, எடை, திசைவேகம் போன்ற சொற்களை மனப்பாடமாகச் சொல்வாரே தவிர, பேச்சு வழக்கில் அந்தச் சொற்களுக்கு உள்ள பொருள் பாடத்தோடு எங்கே மோதுகிறது என்று பார்ப்பதில்லை. "சத்து" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கீரையிலும் சத்து, உரத்திலும் சத்து என்று நாம் பேசுகிற வரையில், யூரியா பயிருக்குச் சாப்பாடு என்று பிள்ளை நினைப்பதில் வியப்பில்லை.

அடுத்த தவறு அமைப்பிலேயே இருக்கிறது. கல்லூரி ஒருவரை அவருடைய பட்டப் பாடத்துக்கு மட்டும் ஆயத்தப்படுத்துகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம், சமூக அறிவியலும் ஒரே பாடம். இயற்பியல் படித்தவர் செல்லையும், வரலாறு படித்தவர் வரைபட அளவையையும் நடத்தியாக வேண்டும். தம் பாடத்திலேயே கற்பிக்கும் வழி தெரியாமல் வந்தவருக்கு அடுத்தவர் பாடம் வெறும் வாசிப்பாகத்தான் முடியும். வரலாற்றிலோ சொந்தப் பாடத்திலும் வேறு வகைக் குறை ஒன்று உண்டு. பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது என்பதை எல்லோரும் சொல்லித்தருகிறார்கள், அது நமக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லித்தருவோர் குறைவு. அந்தக் கோயிலின் கல்வெட்டு, தான் கொடுத்ததையும் அக்கன் (தமக்கை) கொடுத்ததையும் மற்றவர் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லில் வெட்டும்படி அரசன் ஆணையிட்டதைச் சொல்கிறது. கொடை கொடுத்தவர் பெயர் நிற்கிறது, கல் சுமந்தவர் பெயர் எங்கே என்று கேட்கவைத்தால் சான்றின் பலமும் எல்லையும் ஒரே வகுப்பில் விளங்கும். தஞ்சாவூருக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் பள்ளிகளில்கூட இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கடைசியாக, எங்களைப் போன்ற வழிகாட்டி ஆசிரியர்களின் தவறு. 2015 முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பாகி, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி 20 வாரப் பள்ளிப் பயிற்சி வந்திருக்கிறது. இது மிக நல்ல கால அளவு. ஆனால் அந்த வாரங்களில் பயிற்சி ஆசிரியர், விடுப்பில் இருப்பவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும், மதிப்பெண் பதியவும், விழாவுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவுமே பயன்படுத்தப்படுகிறார். வகுப்பைக் கவனித்த பிறகு நாம் சொல்வதும் "குரலைக் கொஞ்சம் உயர்த்துங்க, போர்டுல பெருசா எழுதுங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். யூரியா கேள்வி வந்த நாளிலும் நான் முதலில் சொன்னது, எழுத்து அழகாக இருந்தது என்பதுதான். பாடப்பொருளைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்காத கலந்துரையாடலைக் கவனிப்பு என்று பதிவேட்டில் எழுதக் கூடாது.

இப்போது என்னிடம் வருபவர்களுக்கு முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுக்கிறேன். முன்பு வந்தவர்கள் வகுப்பில் கேட்ட தவறான விடைகளைத் தேதியோடு, மாணவர் பெயர் இல்லாமல் எழுதிவைத்த நோட்டு அது. புதிதாக வருபவர் பத்து விடைகளையாவது தம் கையெழுத்தில் சேர்த்துவிட்டுத்தான் போக வேண்டும். முதல் பக்கத்தில் யூரியா இருக்கிறது. காற்றுக்கு இவ்வளவு கனமா என்ற கேள்வி, அதன் கீழே வேறு மையில் எழுதப்பட்டிருக்கிறது.